அம்பாசிடர் இன்ஜினும் ஆணியில் தொங்கிய பெல்ட்டும்

சென்ற மாதம் தேனியில் ஒரு பழைய இரும்புக் கடை வழியாக நடந்து போனேன். குவியலுக்கு நடுவே ஓர் அம்பாசிடர் இன்ஜின், ஹெட் கழற்றப்பட்டு, நாலு சிலிண்டரும் வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. பத்து வருடம் அந்த வண்டி வைத்திருந்தவன் நான். கால் தானாக நின்றுவிட்டது.

அந்த இன்ஜினின் பூர்வீகம் இங்கிலாந்து. பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதன் முன்னோடி 1947-ல் ஆஸ்டின் ஏ40 காரில் 1200 சி.சி. அளவில் வந்தது. 1954-ல் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரில் 1489 சி.சி. அளவில் வந்தது. அந்த மோரிஸின் அடுத்த மாடல்தான் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் நம் அம்பாசிடர் ஆயிற்று. முதலில் பழைய சைடு வால்வு இன்ஜினோடு வந்த வண்டிக்கு 1959-ல் இந்த ஓவர்ஹெட் வால்வு இன்ஜினைப் பொருத்தினார்கள். 1990-களில் இசுசு இன்ஜின் வரும்வரை, முப்பது வருடத்துக்கும் மேலாக நம் சாலைகளில் இதே சத்தம்தான்.

அமைப்பு மிக எளிமை. நாலு சிலிண்டர். ஒவ்வொன்றின் அகலம் 73 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 89. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. ஒரே ஒரு கார்பரேட்டர். சக்தி சுமார் 50 குதிரை. இதே 1489 சி.சி. இன்ஜினுக்கு இரண்டு கார்பரேட்டர் வைத்து, அழுத்தத்தையும் கூட்டி, எம்.ஜி.ஏ. என்ற பந்தயச் சாயல் காரில் 68 குதிரைக்கு மேல் எடுத்தார்கள். நம்மிடம் வந்தது நிதானமான தம்பி. அவசரப்படமாட்டான், ஏழு பேரை ஏற்றினாலும் முகம் சுளிக்கமாட்டான்.

பழுதே வராத இன்ஜின் என்று சொன்னால் பொய். டப்பெட் இடைவெளி பார்க்கவேண்டும், பாயிண்ட் தேய்க்கவேண்டும், கரி எடுக்கவேண்டும். பிறகு ஏன் அதை நம்பினோம்? 1986-ல் ஓர் இரவு எனக்கு அது விளங்கியது.

அப்பாவுக்குத் திடீரென்று மூச்சுத் திணறல். பின் சீட்டில் அம்மா மடியில் படுக்கவைத்து மதுரைக்குக் கிளம்பினேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. வெடிப்பு விட்டிருப்பதை இரண்டு வாரம் முன்பே பார்த்தவன் நான். சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அந்த ஒரே பெல்ட்தான் காற்றாடி, தண்ணீர் பம்ப், டைனமோ மூன்றையும் சுற்றும். அது இல்லாவிட்டால் ரேடியேட்டர் கொதித்துவிடும். ஓடுவதும் நின்று ஆறவைப்பதுமாக உசிலம்பட்டி சேர்ந்தபோது மணி ஒன்று.

ஒரு டயர் கடை வாசலில் படுத்திருந்த பையன் எழுந்து பார்த்தான். "அம்பாசிடரா சார்? இருங்க" என்று பின் தெருவிலிருந்து மெக்கானிக்கை எழுப்பிக் கூட்டி வந்தான். அவர் பட்டறையில் ஆணியில் பழைய பெல்ட்டுகள் நாலைந்து தொங்கின. டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, ஒன்றை மாட்டி, இழுத்து முடுக்கினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பணத்தை நீட்டினேன். "பெரியவரை முதல்ல கொண்டு போங்க, திரும்பி வரும்போது பாத்துக்கலாம்" என்றார்.

அப்பா பிழைத்தார். மேலும் ஆறு வருடம் இருந்தார்.

அதே இன்ஜின் முப்பது வருடம் மாறாமல் வந்ததை அன்று பலரும் குறை சொன்னார்கள். அது நியாயமான குறைதான். ஆனால் மாறாததால்தான் ஊருக்கு ஊர் ஒரு கைக்கு அதன் போல்ட் நட் மனப்பாடம். மாட்டிக்கொள்ள ஆணியில் ஒரு பழைய உதிரிப்பாகம். அந்த ராத்திரி என்னைக் காப்பாற்றியதில் பாதி இரும்பு, பாதி மனிதர்.

திரும்பும்போது பெல்ட்டுக்கான காசைக் கொடுத்தேன். அன்றே ஒரு புது பெல்ட்டும் வாங்கி டிக்கியில் போட்டேன். 1991-ல் வண்டியை விற்றபோது, பிரிக்காத அந்தப் பெல்ட்டையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.