ஏட்டில் ஏறாத ஓட்டங்கள்



சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் நான் பயிற்சி பெற்ற நாட்களில், மாலை நேரக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஓட்டக் கணக்கு எழுதும் பணி என்னைச் சேர்ந்தது. அடித்தவன் பெயர் ஏட்டில் ஏறும். பந்து வீசியவன் பெயரும் ஏறும். எல்லைக்கோட்டருகே பாய்ந்து விழுந்து நான்கு ஓட்டங்களைக் காத்தவனுக்கு மட்டும் அதில் இடமில்லை. அக்குறையை எண்ணும்போதெல்லாம் ராபின் சிங் அவர்களின் வரலாறு என் நினைவுக்கு வருகிறது.

இவர் 1963 ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று டிரினிடாட் தீவில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களில் உழைக்கக் கப்பலேறிய நம்மவர் வழிவந்தோர் மிகுந்த தீவு அது. 1980களில் சென்னைக்கு வந்து இங்கேயே கல்வி பயின்றார். தமிழ்நாட்டு அணியில் இடம் பெற்றார். 1954-55க்குப் பின் கைக்கெட்டாதிருந்த ரஞ்சிக் கோப்பையை 1987-88இல் வென்ற அணியில் இவரும் ஒருவர்.

1989 மார்ச்சில் இந்தியாவுக்காக முதன்முதலில் களம் இறங்கினார். அதுவும் தாம் பிறந்த தீவிலேயே, மேற்கிந்திய அணிக்கு எதிராக! ஆனால் இரண்டே ஒருநாள் ஆட்டங்கள். அதன்பின் ஏழாண்டுகள் அழைப்பு வரவில்லை. 1996இல் மீண்டும் அழைக்கப்பட்டபோது வயது முப்பத்து மூன்று. பலர் ஓய்வை நினைக்கும் பருவம்.

அந்த வயதில்தான் இவர் பெயர் நிலைத்தது. 2001 வரை 136 ஒருநாள் ஆட்டங்களில் 2,336 ஓட்டங்களும் 69 விக்கெட்டுகளும் எடுத்தார். டெஸ்ட் ஆட்டமோ ஒன்றே ஒன்று. 1999 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக 31 ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட் வீழ்த்தியதும் உண்டு. ஆயினும் மக்கள் நினைவில் நிற்பது, புல்தரையில் சறுக்கிப் பந்தை மறித்து, எழும் முன்னரே எறியும் அவரது கோலம். பந்து தம் பக்கம் வருமென்று எண்ணி, வீச்சாளர் ஓடிவரும்போதே இவரும் முன்னோக்கி நடந்து வருவார். அந்த இரண்டடியால் எதிரணியினரின் ஓர் ஓட்டம் குறையும். இது பிறவிக் கொடை என்று சிலர் சொல்வதுண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பயிற்சி.

அக்காலத்தில் இந்தியர் களத்தடுப்பைக் கலையாக மதிக்கவில்லை. ஆஸ்திரேலியரோ அமெரிக்கப் பேஸ்பால் பயிற்சியாளர் மைக் யங்கை வரவழைத்து எறிதலைக் கற்றனர். ராபின் சிங் 2007இல் இந்திய அணியின் களத்தடுப்புப் பயிற்சியாளரானார். அவ்வாண்டு செப்டம்பர் 24 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டம். பாகிஸ்தானின் இம்ரான் நசீர் 14 பந்துகளில் 33 ஓட்டங்கள் எடுத்து அச்சுறுத்திக் கொண்டிருந்தார். உத்தப்பா எறிந்த பந்து நேரே விக்கெட்டைத் தாக்க, நசீர் வெளியேறினார். அந்த ஒரு வீச்சைப் பயிற்சியாளரின் கணக்கில் எழுதலாகாது என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தியா வென்றது ஐந்தே ஓட்டங்களில்.

2009இல் அப்பொறுப்பு முடிந்தது. அடுத்து மும்பை இந்தியன்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். 2011இல் அவ்வணி சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. இறுதியாட்டம் நடந்த இடம், தமிழ்நாட்டுக்காக அவர் ஓடியாடிய அதே சேப்பாக்கம் மைதானம்.