மலைப்பாதையில் மிதிவண்டி

நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. பணிக்காலத்தில் எத்தனையோ மாணவர்களுக்கு மதிப்பெண் அளித்திருக்கிறேன். அவற்றுள் ஒரே ஒரு பூச்சியம் இன்றளவும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்தப் பூச்சியத்தின் கதையே இன்றைய என் பேச்சு.

1996ஆம் ஆண்டு, அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயங்களில் மலைச் சைக்கிள் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. அவ்வாண்டு எங்கள் பள்ளியில் நடந்த வினாடி வினாவுக்கு நான் நடுவர். அப்பொழுது நான் வரலாற்று ஆசிரியன். “மலைச் சைக்கிளைக் கண்டுபிடித்தவர் யார்?” என்று கேட்டேன். என் கையிலிருந்த வினாப் புத்தகம் ஒரு பெயரைச் சொல்லிற்று. எழுந்து நின்ற மாணவனோ, “அப்படி ஒருவர் இருக்க முடியாது ஐயா, பலராகத்தான் இருப்பார்கள்” என்றான். அரங்கம் சிரித்தது. “எங்கே படித்தாய்?” என்று கேட்டேன். “படிக்கவில்லை ஐயா. என் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். டயரை ஒருவர், பிரேக்கை ஒருவர், கியரை ஒருவர் என்று பலர் சேர்ந்து செய்ததுதான் சைக்கிள் என்று அவர் சொல்வார்” என்றான். நான் பூச்சியம் போட்டேன். அவனுடைய அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.

அந்த வரலாற்றைப் பொறுமையாகப் படிக்க எனக்கு ஓய்வுக்காலத்தில்தான் வாய்ப்புக் கிட்டியது. படித்ததைச் சொல்லுகிறேன், தீர்ப்பை நீங்களே கூறுங்கள்.

மிதிவண்டி பிறந்த காலத்தில் இன்றுள்ளது போன்ற வழவழப்பான சாலைகள் இல்லை. 1817இல் ஜெர்மானியராகிய கார்ல் வான் டிரைஸ், காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாய், பின்சக்கரம் சங்கிலியால் சுழலும் ‘ரோவர்’ வண்டியை அமைத்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இம்மூன்றும் மூவர் கைவேலை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கரடுமுரடான நிலத்தில் மிதிவண்டி எவ்வளவு தூரம் தாங்கும்? இவ்வினாவுக்கு விடை காண மிகப் பெரிய சோதனை ஒன்று 1897இல் அமெரிக்காவில் நடந்தது. மான்டானா மாநிலத்து மிசூலாக் கோட்டையில் 25ஆவது காலாட்படைப் பிரிவு தங்கியிருந்தது. அதன் வீரர்கள் கறுப்பு இனத்தவர். அவர்களை நடத்திய அதிகாரிகள் வெள்ளையர். வெள்ளை வீரர்களோடு ஒரே பிரிவில் பணிபுரிய அவர்களுக்கு அக்காலத்தில் இடமில்லை. ஜேம்ஸ் மாஸ் என்னும் இளம் அதிகாரியின் தலைமையில் அவ்வீரர்கள் 20 பேர், துப்பாக்கி, கூடாரத்துணி, உணவு ஆகியவற்றைச் சுமந்துகொண்டு, ஜூன் 14ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரை நோக்கி மிதிவண்டியில் புறப்பட்டார்கள். தூரம் ஏறத்தாழ 1,900 மைல்.

முதலில் அவர்களை எதிர்த்தது ஈரம். மழை பெய்தது; ராக்கி மலைத்தொடரின் உச்சியில் பனியும் சேர்ந்துகொண்டது. மான்டானாவின் களிமண் நனைந்தால் பசைபோல் ஒட்டும். டயரில் ஒட்டிய சேறு, சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் இடையே அடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடவில்லை. வண்டி மனிதனைச் சுமப்பதற்கு மாறாக, மனிதன் வண்டியைச் சுமக்க நேர்ந்தது. வேறு வழியின்றி அவர்கள் இருப்புப்பாதைக்குச் சென்று, தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளின் மேல் குலுங்கிக் குலுங்கி வண்டியை ஓட்டினார்கள்.

பின்னர் நெப்ராஸ்காவின் மணற்குன்றுகள் வந்தன. அங்கே எதிர்த்தது வறட்சி. மெல்லிய டயர் மணலில் புதைந்தது. வெயில் கொடுமையாயிருந்தது, உவர்நீரைக் குடித்துப் பலர் நோயுற்றனர். அப்படியிருந்தும் அவர்கள் ஜூலை 24ஆம் நாள் செயின்ட் லூயிஸ் சேர்ந்தார்கள். மொத்தம் 41 நாட்கள். வண்டியோட்டிய நாட்களை மட்டும் கணக்கிட்டால் நாளொன்றுக்குச் சராசரி 56 மைல் அளவில் வருகிறது. நகர மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வரவேற்றார்கள். ஆயினும் இராணுவம் அத்திட்டத்தைத் தொடரவில்லை. வீரர்கள் இரயிலேறித் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே ஸ்பெயினோடு போர் மூண்டது. அப்படைப்பிரிவு கியூபாவுக்குச் சென்றது. மலைச் சைக்கிளின் கதையைச் சொல்லும் பலர் இவ்வீரர்களை நெடுங்காலம் நினைவுகூரவே இல்லை. என் வினாப் புத்தகத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

அவ்வீரர்கள் சென்றது கட்டளையால். மகிழ்ச்சிக்காகவே மேடுபள்ளத்தில் வண்டியோட்டியவர்களும் உண்டு. 1955இல் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் என்னும் சிற்றூரில் சுமார் 40 பேர் கூடி, சாலை விட்டுப் பாதையில் செல்வோருக்கென ஒரு சங்கம் நிறுவினார்கள். அவர்களிடம் புதுமையான வண்டி எதுவும் இல்லை. சாதாரணச் சைக்கிளிலேயே சென்றார்கள். முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

இனி, கலிபோர்னியாவுக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் மாவட்டத்தில் 2,571 அடி உயரமுள்ள மலையொன்று இருக்கிறது. அதன் பெயர் டமல்பையஸ். பெயரைக் கேட்டவுடன் உங்களுள் சிலர் நிமிர்ந்து உட்காரக்கூடும். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது அந்நிலத்தின் தொல்குடிகளாகிய மீவோக் மக்களின் மொழிச்சொல். மேலைக் குன்று என்பது அதன் பொருள் என்று கூறுவர். நம் மொழியோடு அதற்கு உறவில்லை. ஒலி ஒத்திருப்பதால் உறவு ஒத்திருக்கும் என்று எண்ணுவது வரலாற்று மாணவன் தவிர்க்க வேண்டிய பிழை.

அங்கே குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. காட்டுத்தீ பரவும் இடம் ஆதலால், தீயணைப்பு வண்டிகள் செல்ல மலையெங்கும் மண்சாலைகள் வெட்டியிருந்தார்கள். 1970களில் சில இளைஞர்கள் அச்சாலைகளில் பழைய சைக்கிள்களை ஓட்டத் தொடங்கினார்கள். அவை 1930களிலும் 40களிலும் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்டவை. பழைய சாமான் கடையில் அற்ப விலைக்குக் கிடைத்தவை. நல்ல கனம், ஆனால் இரண்டு அங்குலத்துக்கும் மிகுந்த அகலமுள்ள டயர். இந்தப் பருத்த டயரை 1933இல் அமெரிக்காவில் பரப்பியது ஷ்வின் நிறுவனம். மெல்லிய டயர் புதையும் இடத்தில் பருத்த டயர் மிதக்கும். மெல்லிய டயர் குலுங்கும் இடத்தில் பருத்த டயர் தாங்கும்.

1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊருக்கருகே ஒரு மண்சாலையில் அவர்கள் முதல் பந்தயம் நடத்தினார்கள். ஏற்பாடு செய்தவர் சார்லி கெல்லி. ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். அப்பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். மீண்டும் நிரப்புதல் என்பது அதன் பொருள். எதை நிரப்புதல்?

அவ்வண்டிகளின் பிரேக், பின்சக்கர ஹப்பின் உள்ளே இருந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் உள்ளே உராய்வு உண்டாகிச் சக்கரம் நிற்கும். மனிதனும் வண்டியுமாக 100 கிலோகிராம் எடை என்று கொள்ளுங்கள். அது 400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ நான்கு இலட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் தரையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், பெரும்பங்கு அந்தச் சிறு ஹப்புக்குள் வெப்பமாக இறங்கியது. உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து தீய்ந்தது. ஒருமுறை மலையிறங்கினால் ஹப்பைப் பிரித்து மீண்டும் கிரீஸ் நிரப்பவேண்டும். இதுவே பெயர்க்காரணம்.

குறை தெரிந்தால் திருத்தமும் பிறக்கும். 1974 டிசம்பரில் குப்பர்டினோ என்னும் ஊரிலிருந்து சில இளைஞர்கள், பருத்த டயர் வண்டியில் பல பற்சக்கரக் கியரைப் பூட்டிக்கொண்டு மாரினில் நடந்த ஒரு பந்தயத்துக்கு வந்திருந்தார்கள். அதைக் கண்ட மாரின் இளைஞர்களும் தம் வண்டிகளில் கியர் பூட்டலாயினர். ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிச் செல்லும் துன்பம் குறைந்தது. ஆயினும் பழைய ஃபிரேம் முறிந்துகொண்டே இருந்தது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இப்பயனுக்கென்றே ஒரு ஃபிரேமைப் புதிதாகச் செய்தார். அவ்வண்டி இன்று வாஷிங்டன் நகரில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1979இல் டாம் ரிட்சி ஃபிரேம் செய்ய, கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் அதற்கு உறுப்புகள் பூட்டி விற்றார்கள். ‘மலைச் சைக்கிள்’ என்ற பெயர் அவர்கள் கடையிலிருந்தே பரவியது. 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் அத்தகைய வண்டியைத் தொழிற்சாலையில் பெருந்தொகையாகச் செய்வித்து விற்கத் தொடங்கியது.

இவர்களுள் கண்டுபிடித்தவர் யார்? டயர் ஒருவர், கியர் ஒருவர், ஃபிரேம் ஒருவர், பெயர் ஒருவர். சைக்கிள் கடைக்காரர் தம் மகனுக்குச் சொன்னது இதுவே அன்றோ!

கதை இத்துடன் முடியவில்லை. வண்டிகள் பெருகியதும் வழக்கு எழுந்தது. மலைப்பாதையில் நடப்போரும் குதிரையேறிச் செல்வோரும், “வேகமாக வந்து எங்களை அச்சுறுத்துகிறார்கள், பாதையைக் கெடுக்கிறார்கள்” என்று முறையிட்டார்கள். 1980களில் மாரினின் ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் சைக்கிள் தடைசெய்யப்பட்டது. மண்சாலைகளில் மணிக்கு 15 மைல் என வேகத்துக்கு எல்லை வகுத்தார்கள். மலைச் சைக்கிள் பிறந்த மலையிலேயே அதற்கு வழியடைத்தது. 1988இல் கலிபோர்னியாவின் சில சைக்கிள் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின. அவர்கள் உரிமையை மட்டும் கேட்கவில்லை. தங்களுக்கே விதி வகுத்துக்கொண்டார்கள். திறந்த பாதையில் மட்டும் செல்க. நடப்போருக்கும் குதிரைக்கும் வழிவிடுக. தடம் பதியாமல் செல்க என்பன அவற்றுட் சில. மண்வெட்டி எடுத்துப் பாதையைச் செப்பனிடவும் முன்வந்தார்கள்.

தடம் பதிவதால் என்ன கேடு? நம் ஏரிக்கரையில் மாட்டுவண்டித் தடத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஈரமண்ணின் துகள்களுக்கிடையே நீர் நிறைந்திருப்பதால் மண் வலுவிழந்து நிற்கிறது. அதன்மேல் டயர் அழுந்தினால் பள்ளம் விழுகிறது. அடுத்த மழையில் நீர் அப்பள்ளத்தையே வாய்க்காலாகக் கொண்டு ஓடி மண்ணை அரிக்கிறது. சேற்றுக்குட்டைக்கு அஞ்சி ஓரமாகச் சுற்றிச் சென்றால் பாதை அகன்று செடிகள் அழிகின்றன. வறண்ட காலத்தில் கேடு வேறு வகை. பிரேக்கை இறுகப் பிடித்துச் சறுக்கினால் மேல்மண் பெயர்ந்து புழுதியாகிறது. உதிரிக்கல் உருண்டு ஓட்டுபவனையும் வீழ்த்துகிறது.

ஆகலின் பாதை அமைப்பதே ஒரு கலையாயிற்று. மலைச்சரிவில் நேர்கீழாகப் பாதை வெட்டினால் நீரும் அவ்வழியே பாயும். எனவே பாதையின் சாய்வு, மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேற்படலாகாது. பாதையை வெளிப்புறமாகச் சற்றே சாய்க்கவேண்டும். இடையிடையே சிறு ஏற்றம் வைத்து நீரை வெளியே திருப்பவேண்டும். வகுத்தது வண்டிக்காக என்றாலும், நடப்பவனுக்கும் இவை நன்மையே செய்கின்றன.

ஈரமும் வறட்சியும் ஒரே பாதையை எவ்வாறு இரு பாதைகள் ஆக்குகின்றன என்பதை உலகம் 2021இல் கண்டது. டோக்கியோ ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் போட்டிகள் இசு என்னும் இடத்தில் நடந்தன. ஜூலை 26ஆம் நாள் ஆடவர் போட்டி; பாதை உலர்ந்திருந்தது; இங்கிலாந்தின் டாம் பிட்காக் வென்றார். அன்றிரவு மழை பெய்தது. மறுநாள் மகளிர் போட்டிக்காகப் பாதையின் சில ஆபத்தான இடங்களை மாற்றவேண்டியிருந்தது. தேர்ந்த வீராங்கனைகளும் சேற்றில் வழுக்கினர். சில இடங்களில் இறங்கி வண்டியோடு ஓடினர். சுவிட்சர்லாந்தின் யோலாண்டா நெஃப் முதலாவதாக வந்தார். மூன்று பதக்கங்களையும் அந்நாட்டு மங்கையரே பெற்றனர். சேறு கண்டு வண்டியைச் சுமந்த மிசூலா வீரர்களையே நான் அப்பொழுது எண்ணினேன். இவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. அவர்களுக்கு இரயில்வண்டியில் இடம் கிடைத்தது.

மாணவ நண்பர்களே, தேர்வில் ஒரு வினாவுக்கு ஒரு பெயர் போதும். வரலாற்றுக்கு அது போதாது. ஒரு பெயரை எழுதும்போது பல பெயர்களை அழிக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் இடுபவர்கள் என்னைவிடக் கவனமாக நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். நாற்பது வயதைக் கடந்திருப்பான். அவன் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று தரத் தவறிய அந்த ஒரு புள்ளியை இன்று தருகிறேன். அவனுடைய தந்தையாருக்கும் என் வணக்கத்தைத் தெரிவிப்பானாக.