பந்தியிலிருந்து அவைக்கு

காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதிக் கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்குச் சமணக் காஞ்சி என்றும் பெயர். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் வண்ண ஓவியங்கள்: ரிஷபதேவர் கதை, கண்ணன் கதை, தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம். சமவசரணம் என்பது ஓர் அவை. நடுவில் தீர்த்தங்கரர், சுற்றிலும் பன்னிரண்டு கோட்டங்கள். துறவிகள், பெண்கள், தேவர்கள், மக்கள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. விலங்குகளுக்கும் ஒரு கோட்டம் உண்டு. அதற்கு ஏறும் படிகள் இருபதாயிரம் என்கின்றன திகம்பர நூல்கள். சிறுவரும் முதியவரும்கூட அவற்றைச் சிறு பொழுதில் ஏறிவிடுவார்கள் என்றும் சேர்த்தே சொல்கின்றன. எல்லோருக்குமான அவையைக் கற்பனை செய்தவர்கள், ஏற மாட்டாதவரையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதே காஞ்சிக்கு இன்னொரு பழைய சித்திரமும் உண்டு. பஞ்சத்தில் வாடிய கச்சி மாநகரில் மணிமேகலை அமுதசுரபி ஏந்தி நிற்க, பார்வையற்றோர், காது கேளாதோர், கால் முடங்கியோர், பேச இயலாதோர் திரண்டு வந்து பசியாறுகிறார்கள். அந்த அருளைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் பந்தியில் அமர்பவர் பெற்றுக்கொள்கிறவர். அவையில் அமர்பவர் பேசும் உரிமை உள்ளவர். நம் உரிமை விழாக்கள் மாற்றுத்திறனாளிகளை அழைப்பது பெரும்பாலும் பந்திக்குத்தான். குடியரசு நாளில் பெயர் வாசிப்பார்கள், மூன்று சக்கர வண்டி கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். மேடைக்கு நான்கு படி இருப்பதால், கொடுப்பவர் கீழே இறங்கி வந்து கொடுத்துவிட்டுத் திரும்ப மேலே ஏறிவிடுவார். வாங்கியவர் பேச மேலே போவதில்லை.

உரிமை என்றால் அவையில் இடம் என்பதைக் காஞ்சிபுரத்துக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1925 நவம்பரில், திரு.வி.க. தலைமையில் இங்கு நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு அனுமதி கிடைக்காமல்தான் பெரியார் வெளியேறினார். அதற்குச் சற்று முன்பு சேரன்மாதேவி குருகுலத்தில் மூண்ட சண்டையோ சாதி பார்த்து வைத்த தனிப்பந்தி பற்றியது. சோறு எல்லோருக்கும் கிடைத்தது. சேர்ந்து உட்கார முடியாததே அநீதி என்று பட்டது. அந்த அளவுகோலை இன்று மாற்றுத்திறனாளிகளுக்கும் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. டிசம்பர் 3 அவர்களுக்கென்று தனி நாளாக இருக்கிறதே என்பார்கள். அந்த நாள் வேண்டும். ஆனால் ஏப்ரல் 14 சமத்துவ நாளில் இடம் தராமல் டிசம்பர் 3-ஐக் காட்டினால், அதுவும் தனிப்பந்திதான்.

மேடைக்குச் சாய்தளம் கேட்டால், ஊருக்கு நாலைந்து பேருக்காக இவ்வளவு செலவா என்ற கேள்வியும் வரும். நெசவு ஊரில் இந்தக் கேள்வி எழுவது வருத்தமாக இருக்கிறது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதித்து மிதித்து முட்டி தேய்ந்தவரும், இழை பார்த்துப் பார்த்துக் கண் மங்கியவரும் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. சாய்தளம் போட்டால் அவர்களும் ஏறுவார்கள். பழங்கோயில் கல்லில் கை வைக்கலாமா என்ற கவலை நியாயமானது. ஆனால் சமத்துவ நாள் உறுதிமொழி எடுப்பது கருவறை வாசலில் இல்லையே. பள்ளித் திடலிலும் ஊராட்சி அலுவலகத்திலும்தானே. கோயிலிலும்கூட, எடுத்து வைக்கக்கூடிய மரப்பலகைச் சரிவு கல்லைக் கீறாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களில் தடையற்ற நுழைவைக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

காஞ்சி மாநாட்டுக்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்ட முன்வரைவுகளைத் தமிழக அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. நியமனம் தேர்தலுக்கு ஈடாகாது என்ற விமரிசனத்தில் உண்மை இருக்கிறது. இருந்தாலும், ஊராட்சி மன்றத்தில் நாற்காலி வந்துவிட்டால், மன்ற உறுப்பினரை விழா மேடைக்குக் கீழே நிறுத்தி வைக்க முடியாது. விழாக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஏப்ரல் 14க்குப் பந்தல்காரரிடம் பேசும்போது மேடைக்குச் சாய்தளமும் சேர்த்துச் சொல்லுங்கள்; சைகை மொழி தெரிந்த ஒருவரை முன்கூட்டியே அழையுங்கள்; பேசுவோர் பட்டியலில் ஒரு மாற்றுத்திறனாளியின் பெயரை முதலிலேயே எழுதுங்கள்.