உதயசூரியன் இல்லம்: ஒரு நாட்டார் பாடலின் பயணமும் அதன் உரிமையும்

நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்பது நாட்டார் வழக்காற்றியலின் பாலபாடம். ஆசிரியர் இல்லாத பாடலுக்கு உரிமையாளர் மட்டும் எங்ஙனம் தோன்றுகிறார் என்ற வினாவை அப்பாலபாடம் எழுப்புவதில்லை. வாய்மொழியாக வழங்கிய பாடல் இசைத்தட்டில் ஏறி, விற்பனைப் பண்டமாகி, பணத்தை ஈட்டத் தொடங்கும்போதே இவ்வினா முனைப்புப் பெறுகிறது. இதனை ஆராய்வதற்கு, 1964ஆம் ஆண்டில் ‘த அனிமல்ஸ்’ என்னும் ஆங்கிலேய இசைக்குழு உலகறியச் செய்த ‘த ஹவுஸ் ஒவ் த றைசிங் சன்’ என்ற பாடலினும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது.

பாடலின் பொருள் எளியது. நியூ ஓர்லியன்ஸ் நகரிலே உதயசூரியன் என்ற பெயருடைய இல்லம் ஒன்று உண்டு. அங்கு சென்று கெட்டழிந்த ஒருவர் தம் கதையைக் கூறி, தம்மைப் போல் ஆகவேண்டாம் என இளையோரை எச்சரிக்கிறார். தையல் வேலை செய்யும் தாயும், சூதாடியான ஓர் ஆடவனும் இடையில் வந்து போகின்றனர். இறுதியில், எச்சரித்தவரே அதே இல்லத்துக்குத் திரும்பிச் செல்கிறார். அறிவுரை கூறுபவர் அதனைத் தாமே கைக்கொள்ள இயலாதிருக்கும் இந்நிலைதான் பாடலின் உயிர்நிலை எனலாம். அவ்வில்லம் பரத்தையர் விடுதியா, சூதாட்டக் களமா, சிறைச்சாலையா என்பது பாடலில் எவ்விடத்தும் தெளிவாகக் கூறப்படவில்லை.

அத்தெளிவின்மையே பலரை அகழ்வாராய்ச்சியில் இறக்கியது. நியூ ஓர்லியன்சின் கொன்ரி வீதியில் உதயசூரியன் என்ற பெயரில் ஒரு விடுதி இருந்து 1822இல் எரிந்து போனதற்குச் சான்று உண்டு. நகரின் பழைய பெண்கள் சிறைச்சாலை வாயிலின் மேற்கல்லில் உதயசூரியன் செதுக்கப்பட்டிருந்ததைப் புகைப்படமொன்றில் கண்டதாகப் பாடகர் டேவ் வான் றொங்க் எழுதியுள்ளார். வேறு சிலர் இங்கிலாந்தின் பழம்பாடல்களில் இப்பெயர் வருவதைக் காட்டி மூலத்தை அங்கு கொண்டு செல்வர். இவற்றுள் எதுவும் முடிந்த முடிபன்று. உதயசூரியன் என்பது ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் மதுச்சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் சாதாரணமாக இடப்பட்ட பெயராகும். ஆதலின் வீட்டின் முகவரியைக் காட்டிலும், பாடலைப் பாடியோரின் முகவரியே ஆராய்ச்சிக்குப் பயன்தருவதாகும்.

1937ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் பாடல் காப்பகத்தைச் சேர்ந்த அலன் லோமாக்ஸ் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர், ஒலிப்பதிவுக் கருவியுடன் கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதிகளிற் சுற்றிக்கொண்டிருந்தார். மிடில்ஸ்பரோ என்ற ஊரில் ஜோர்ஜியா ரேணர் என்னும் பதினாறு வயதுப் பெண் அவருக்கு இப்பாடலைப் பாடிக் காட்டினார். அவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். ஊரோ நிலக்கரி நாட்டின் நடுவில் அமைந்தது. அயலிலுள்ள ஹார்லன் பிரதேசத்தில் 1931இல் சுரங்க முதலாளிமாருக்கும் தொழிலாளருக்குமிடையே துப்பாக்கிச் சண்டையே மூண்டிருந்தது.

பல நூறு மைல்களுக்கு அப்பாலுள்ள, அவள் கண்டிருக்க வாய்ப்பில்லாத துறைமுக நகரொன்றின் சீரழிவை மலைநாட்டுச் சிறுமி ஒருத்தி பாடுவானேன்? விடை அக்காலத்துப் பொருளாதார மாற்றங்களில் உண்டு. புகையிரதப் பாதையும் சுரங்கமும் மரவாலையும் மலைக் கிராமங்களைத் தீண்டியபின், நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் இளைஞரும் யுவதிகளும் கூலியைத் தேடி வெளியேறலாயினர். சென்றோருட் சிலர் திரும்பினர், சிலர் திரும்பவில்லை, சிலரைப் பற்றி ஊரார் தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டனர். நியூ ஓர்லியன்ஸ் என்ற சொல் அம்மக்களுக்கு ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று. பிள்ளைகளை விழுங்கும் நகரம் என்ற கருத்தின் பெயருமாகும்.

பாடல் ஜோர்ஜியாவின் ஆக்கம் அன்று. 1925இலேயே றொபேட் வின்ஸ்லோ கோர்டன் என்ற சேகரிப்பாளர், சஞ்சிகையொன்றில் தாம் நடத்திய பத்தியில் இதன் வரிகளை வெளியிட்டிருந்தார். 1933இல் கிளாரன்ஸ் அஷ்லி என்பவர் குவென் பொஸ்ரருடன் சேர்ந்து இதனை இசைத்தட்டிற் பதிவுசெய்தார். ஊர் ஊராகச் சென்று ஆட்டபாட்டத்துடன் மருந்து விற்கும் குழுக்களில் அஷ்லி பாடித் திரிந்தவர். இது தம் பாட்டனாரிடமிருந்து வந்த பாடல் என்று அவர் கூறினார். அவருடைய பாடத்திற் கெட்டழிவோர் ஆடவரே. பெண்ணின் பாடலை ஆணின் பாடலாக மாற்றியது ‘அனிமல்ஸ்’ குழு என்று பலரும் எழுதிவருவது இதனாற் பிழையாகிறது. இரு பாடங்களும் முன்னரே அருகருகே வழங்கியுள்ளன.

லோமாக்ஸ் தம் தந்தையாருடன் சேர்ந்து 1941இல் வெளியிட்ட தொகுதியில், ஜோர்ஜியா ரேணரையும் பேர்ட் மார்ட்டின் என்ற இன்னொரு கென்டக்கிப் பாடகரையும் பெயர் சுட்டிக் குறித்தார். அச்சேறிய பாடல் நகரத்து இடதுசாரிப் பாடகர்களின் கைக்கு வந்தது. அதே ஆண்டில் வூடி கத்ரி உள்ளிட்ட ‘அல்மனாக்’ குழுவினர் இதனைப் பதிவுசெய்தனர். நாற்பதுகளிலே ஜோஷ் வைற், லெட் பெல்லி ஆகிய கறுப்பினக் கலைஞர்கள் தத்தம் பாணியிற் பாடினர். ரெக்சாஸ் மாநிலத்தவரான ஹலி வூட் ஜோர்ஜியாவின் ஒலிப்பதிவிலிருந்து பாடலைக் கற்றார். ஹலி வூட்டின் பதிவைக் கேட்டு ஐம்பதுகளில் அதனைக் கற்ற வான் றொங்க், அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் அடிநாதத்தை அமைத்து அதன் இசைக்கோலத்தையே மாற்றினார்.

இங்கு ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. நியூயோர்க் கோப்பிக் கடைகளில் வான் றொங்கின் அமைப்பைக் கேட்டிருந்த பொப் டிலன், 1961 நவம்பரில் தம் முதல் இசைத்தட்டுக்கு அதனையே பதிவுசெய்துவிட்டு, பின்னரே அவரிடம் அனுமதி கேட்டார். தட்டு 1962 மார்ச்சில் வெளிவந்தது. அதன்பின் வான் றொங்க் இதனைப் பாடினால், டிலனைப் பார்த்துப் பாடுகிறார் என்று இரசிகர் குறைகூறத் தொடங்கினர். அவர் பாடுவதையே விட்டார். ஈராண்டு கழிந்து டிலனுக்கும் அதே கதி வாய்த்தது. அவர் ‘அனிமல்ஸ்’ குழுவைப் பார்த்துப் பாடுகிறார் என்றனர்!

‘அனிமல்ஸ்’ குழுவினர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தவர். அதுவும் நிலக்கரிக்குப் பேர்போன நகரே. கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் பாடிய பாடல் அத்திலாந்திக்கைக் கடந்து மற்றுமொரு சுரங்கப் பிரதேசத்து இளைஞரிடம் சேர்ந்தது தற்செயலே எனினும் நினைவிற் கொள்ளத்தக்கது. சக் பெரியுடன் சுற்றுப்பயணம் சென்ற அவர்கள், ஏனையோர் துள்ளிசை வழங்கும் மேடையில் தமக்கெனத் தனித்துவம் வேண்டி இப்பாடலை இறுதியாகப் பாடிவந்தனர். 1964 மே 18ஆம் திகதி இலண்டனிற் சிறிய ஒலிப்பதிவுக் கூடமொன்றில் ஒரே முயற்சியிற் பதிவு முடிந்தது. நான்கரை நிமிட நீளம் அக்காலத்து வானொலிக்கு ஒவ்வாதது என்ற தயக்கத்தையும் மீறி வெளிவந்த தட்டு, யூலையிற் பிரித்தானியாவிலும் செப்ரெம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது.

ஹில்ரன் வலன்ரைனின் மின்கிற்றார் சுரங்களை ஒவ்வொன்றாகத் தெறித்துத் தொடங்க, எரிக் பேர்டனின் கரகரத்த குரல் தாழ்ந்து எழ, அலன் பிறைசின் ஓகன் இடையில் மேலோங்கி ஒலிக்கிறது. மலைநாட்டுப் பாடலின் ஒற்றைக் குரற் சோகம் இங்கு ஆர்ப்பரிப்பாக மாறுகிறது. சூதாடியான காதலன் தந்தையாக மாறியதால், ஒருத்தி ஏமாந்த கதை தலைமுறை தலைமுறையாக வரும் அழிவின் கதையாயிற்று. இழப்பும் உண்டு: பெண்ணின் குரல் மறைந்ததும் விடுதியின் கொடுமையும் மங்கிவிட்டது.

நாட்டார் பாடலும் றொக் இசையும் இணைந்த வகைக்கு ‘போக் றொக்’ என்ற பெயர் 1965இலேயே பரவியது. அப்பெயர் தோன்றுமுன் வந்த முதல் பெருவெற்றி இப்பாடல் என்று கருதுவாருளர். டிலன் 1965இல் மின்கருவிகளின் பக்கம் திரும்பியதற்கு இதுவே காரணம் என்பது மிகையாகலாம். பழம்பாடல் மின்னொலியில் உயிர் இழப்பதில்லை என்பதற்கு அவர்முன் இருந்த சான்று இது என்பது மிகையன்று.

உரிமைக்கு வருவோம். ஆசிரியர் அறியப்படாத பாடலைப் பொறுத்தவரை, அதனை இசையமைத்தவராகப் பதிவுசெய்யப்படுபவருக்கே ஆசிரியருக்குரிய பங்கு சேரும் என்பது இசை வணிகத்தின் நடைமுறை. ‘அனிமல்ஸ்’ தட்டின் சிட்டையில் மரபுப் பாடல் என்பதையடுத்து அலன் பிறைசின் பெயர் மட்டுமே அச்சாயிற்று. ஐவரின் பெயருக்கும் இடம் போதவில்லை என்பதே தமக்குக் கூறப்பட்ட காரணம் என்று பேர்டன் பின்னாளிற் கசப்புடன் நினைவுகூர்ந்தார். பாடலைத் தொடக்கிவைக்கும் கிற்றார் அமைப்பைத் தந்த வலன்ரைனுக்கு அப்பங்கில் எதுவுமில்லை. பிறைஸ் 1965இற் குழுவிலிருந்து விலகினார். மனத்தாங்கல் பல்லாண்டு நீடித்தது.

ஐவரின் பிணக்கு பலமுறை எழுதப்பட்டுள்ளது. ஆனால் அவர்களின் இசையமைப்பும் வான் றொங்க், ஹலி வூட் வழியாகப் பின்னோக்கிச் சென்றால் மிடில்ஸ்பரோவிலேயே முடிகிறது. லோமாக்ஸ் பதிவுசெய்த தட்டு காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. ஜோர்ஜியா ரேணர் மணமுடித்து மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். பாடலுக்காக அவருக்குக் கிடைத்த பணம் மிகச் சொற்பம். இலட்சக்கணக்கானோர் அப்பாடலைக் கேட்டபின், 1969இல் அவர் காலமானார்.