ரெண்டு டியூட்டும் ஒரு கணக்குக் கொப்பியும்: பரமானம் கடத்திய கதை

பைத்தன் மொழியில் ஒரு சார்பை அழைக்கும்போது பரமானம் எப்படிக் கடத்தப்படுகிறது? உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுக்கிற தம்பி தங்கச்சிமாரிடம் கேட்டால் ரெண்டு பதில் வரும். ஒரு டியூட்டில் ‘பெறுமானம்தான் போகும்’ எண்டு இருக்கும். இன்னொன்றில் ‘ரெஃபரன்ஸ்தான் போகும்’ எண்டு இருக்கும். கொட்டாஞ்சேனையில எங்கட வகுப்புக்கு வாற பிள்ளைகள் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு “அண்ணா, எது சரி?” எண்டு கேக்கிறது எங்களுக்குப் பழகிப்போச்சு. ரெண்டுமே முழுசாச் சரியில்லை. ஏன் எண்டு விளங்க 1958 வரைக்கும் போய் வரவேணும்.

முதலில் அடிப்படை. கிராம சேவகரிடம் அடையாள அட்டையின் போட்டோக்கொப்பியைக் குடுத்தால், அவர் அதில என்ன கிறுக்கினாலும் உங்கட அட்டைக்கு ஒண்டும் ஆகாது. இது பெறுமானத்தால் கடத்தல். அட்டையையே குடுத்தால் கீறல் விழுகிறது உங்கட அட்டையில. இது ரெஃபரன்ஸால் கடத்தல். கணினிக்குள்ளே போவது அந்த மாறி இருக்கிற நினைவக முகவரி. எந்த மொழி எதைச் செய்கிறது எண்டு பார்க்க ஒரு பழைய பரிசோதனை இருக்கு. ரெண்டு மாறிகளை வாங்கி, அவற்றின் பெறுமானங்களை இடம் மாத்திவிடுகிற ஒரு துணைச் செய்நிரல் எழுத முடியுமா? அழைத்தவரின் மாறிகள் உண்மையாகவே மாறினால் அங்கே ரெஃபரன்ஸ் இருக்கு. இந்த ஒரு கேள்வியைக் கையில வச்சுக்கொண்டு வரலாற்றுக்குள்ளே போவோம்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பாக்கஸின் குழு 1957இல் ஃபோர்ட்ரானை வெளியிட்டது. தனியாக எழுதி அழைக்கக்கூடிய துணைச் செய்நிரல்கள் 1958இல் ஃபோர்ட்ரான் 2 உடன் வந்தன. அந்த மொழி ஓடிய ஐ.பி.எம். 704 இயந்திரத்தின் நினைவகம் கூடினால் 32,768 சொற்கள்தான். ஆயிரம் எண்கள் உள்ள ஓர் அணியை ஒவ்வொரு அழைப்புக்கும் பிரதியெடுக்க அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் முகவரியைக் கொடுத்தார்கள். தத்துவம் பேசி வந்த முடிவில்லை இது, சிக்கனம். இடம் மாத்தும் பரிசோதனையில் ஃபோர்ட்ரான் சுலபமாகப் பாஸ்.

ஆனா அதில ஒரு பேய் ஒளிஞ்சிருந்தது. 2 எண்ட மாறிலியை நினைவகத்தில் ஓரிடத்தில் வைத்து, தேவைப்படும் இடமெல்லாம் அதே இடத்தைப் பயன்படுத்திய தொகுப்பான்கள் இருந்தன. அந்த 2ஐ ஒரு துணைச் செய்நிரலுக்குக் கொடுத்து, அது உள்ளுக்குள்ளே ஒண்டைக் கூட்டினால், அதுக்குப் பிறகு செய்நிரலில் 2 எண்டு எழுதியிருக்கிற இடமெல்லாம் 3! பிழையைத் தேடுகிற ஆள் தாளில் 2ஐத்தான் பார்ப்பார். பாவம்.

1960 ஜனவரியில் பாரிஸில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த 13 பேர் கூடி அல்கோல் 60ஐ முடிவாக்கினார்கள். அதில் பெறுமானத்தால் அழைத்தல் இருந்தது, பெயரால் அழைத்தலும் இருந்தது. ரெஃபரன்ஸ் இல்லை. பெயரால் அழைத்தால், நீங்கள் கொடுத்த கோவையே உள்ளே போய், தேவைப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணிக்கப்படும். டென்மார்க்கின் யோர்ன் ஜென்சன் இதை வைத்து, எந்தச் சூத்திரத்தையும் கூட்டித் தருகிற ஒரே செய்முறையை எழுதிக் காட்டினார். அழகான வித்தைதான்.

அதே அல்கோல் நம்முடைய பரிசோதனையில் தடுக்கி விழுந்தது. க எண்ட மாறியில் 2 இருக்கு. ப எண்ட அணியின் 2ஆவது இடத்தில் 5 இருக்கு. க, ப[க] ரெண்டையும் இடம் மாத்தச் சொல்கிறோம். முதலில் 2ஐ ஒரு பக்கம் எடுத்து வைக்கிறது. பிறகு கவில் 5ஐப் போடுகிறது. கடைசியில் அந்த 2ஐ ப[க]வில் போடப் போகும்போது க 5 ஆகிவிட்டது. 2 போய் விழுவது 5ஆவது இடத்தில். உலகத்தின் கெட்டிக்காரர்கள் 13 பேர் கூடிச் செய்த மொழியில் ஓர் எளிய இடமாற்றம் எப்போதும் சரியாக நடக்கும் எண்டு நம்ப முடியவில்லை.

இதிலிருந்து பாடம் படித்தவர் சூரிச்சின் நிக்லாஸ் விர்த். 1970இல் வெளிவந்த அவரின் பாஸ்கலில் பெயரால் அழைத்தல் இல்லை. சும்மா எழுதினால் பிரதி போகும். முன்னால் ‘வார்’ எண்டு போட்டால் முகவரி போகும். ‘உன்ர சாமானில நான் கை வைக்கப்போறன்’ எண்டு செய்முறை தன் தலைப்பிலேயே அறிவிக்கிறது. எங்களுக்குப் பிடித்த தீர்வு இதுதான், ஒரு குறையோடு: அழைக்கிற வரியை மட்டும் பார்த்தால் மாறி மாறப்போகுதா இல்லையா எண்டு தெரியாது. டெனிஸ் ரிச்சியின் சி மொழி, 1970களின் தொடக்கத்தில் வந்தது, இதைத் தலைகீழாக வைத்தது. அங்கே எப்போதும் பிரதிதான். மாற்றம் வேணுமெண்டால் & குறி போட்டு முகவரியை நீங்களே எடுத்துக் கொடுக்கவேணும். ஸ்கேன்எஃப்பில் அந்த & குறியை மறந்து செய்நிரலை விழுத்தாத மாணவர் கம்பஸில இருக்கமாட்டார்.

இனி நம்முடைய சிக்கலின் வேர். 1970களில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவும் குழுவினரும் சி.எல்.யூ. எண்ட மொழியை உருவாக்கினார்கள். அதில் பரமானம் போகும் முறைக்கு அவர்கள் புதுப் பெயர் வைத்தார்கள்: பகிர்வால் அழைத்தல். லிஸ்ப்பில் ஏற்கெனவே இருந்த பழக்கம்தான், பெயர்தான் புதுசு. கீடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தனும் இந்த வழியில்தான் போகிறது.

பலசரக்குக் கடைக் கணக்குக் கொப்பியை நினைச்சுப் பாருங்க. வீட்டுக்கு ஒரு கொப்பி. அம்மா ‘என்ர கொப்பி’ எண்டு சொல்லுவா, அக்காவும் ‘என்ர கொப்பி’ எண்டு சொல்லுவா. பொருள் ஒண்டு, பெயர் ரெண்டு. அக்கா அதில ஒரு வரி எழுதினால் அம்மாவும் அதைப் பார்ப்பா. அதை விட்டுட்டு அக்கா கடைக்குப் போய்ப் புதுக் கொப்பி வாங்கி, இனி இதுதான் என்ர கொப்பி எண்டு சொன்னால், அம்மாவின்ர கொப்பிக்கு ஒண்டும் ஆகாது. பைத்தனில் ஒரு பட்டியலைச் சார்புக்கு அனுப்பி, உள்ளே அப்பெண்ட் செய்தால் வெளியே தெரிவது முதலாவது. உள்ளே அதே பெயருக்குப் புதுப் பட்டியல் ஒன்றைக் குடுத்தால் வெளியே தெரியாமல் போவது ரெண்டாவது. அதனால்தான் பைத்தனில் அழைத்தவரின் மாறிகளை இடம் மாத்துகிற சார்பை அந்த வடிவில் எழுத முடியாது. ரெஃபரன்ஸால் கடத்தல் எண்டால் அது முடிஞ்சிருக்கவேணும்.

இப்ப அந்த ரெண்டு டியூட்டுக்கும் வருவோம். ஒண்டு எண்ணை வச்சுப் பரிசோதிச்சிருக்கு. பைத்தனில் எண் எண்ட பொருளை இருந்த இடத்தில் மாற்றவே முடியாது. ஒண்டைக் கூட்டினால் பெயர் வேறொரு எண்ணுக்குப் போய்விடும். அதனால் பெறுமானம் போனது போலவே தெரியும். மற்ற டியூட் பட்டியலில் அப்பெண்ட் செய்து பார்த்திருக்கு. ரெஃபரன்ஸ் போனது போலவே தெரியும். ரெண்டு சேரும் பொய் சொல்லயில்லை. ஆளுக்கொரு உதாரணத்தோட நிண்டுட்டாங்க. பைத்தனின் அதிகாரபூர்வப் பயிற்சிப் பக்கத்திலேயே இதற்கு ஒரு அடிக்குறிப்புப் போடவேண்டி வந்தது எண்டால், பிள்ளைகள் குழம்புவதில் என்ன ஆச்சரியம்?

எங்கட பிள்ளைகளுக்கு இதில கூடுதலாக ரெண்டு சுமை. சாதாரண தரத்தில் அவர்கள் பாஸ்கலில் பழகிவிட்டு, உயர்தரத்தில் பைத்தனுக்கு மாறுகிறார்கள். ‘வார்’ எண்டு அறிவித்த மொழியிலிருந்து, ஒண்டுமே அறிவிக்காத மொழிக்கு. அடுத்தது தமிழ். அகராதியைப் பார்த்து ரெஃபரன்ஸை ‘மேற்கோள்’ எண்டு போட்டால், பிள்ளைக்குக் கட்டுரைப் பாடம்தான் ஞாபகம் வரும். பாஸ்கலுக்கு ‘முகவரியால்’, பைத்தனுக்கு ‘பகிர்வால்’ எண்டு நாங்கள் சொல்லிக்குடுக்கிறோம். பரீட்சைத் தாளில் கேள்வியில உள்ள சொல்லையே எழுதுங்க, படம் கீறும்போது எங்கட சொல்லைப் பாவியுங்க.

இயல்புநிலைப் பெறுமானத்திலும் இதே கொப்பிதான் ஆளை மாட்டிவிடும். ஒரு பரமானத்துக்கு வெறும் பட்டியலை இயல்புநிலையாகக் குடுத்தால், சார்பை வரையறுக்கிற நேரத்தில் ஒரே ஒரு கொப்பிதான் வாங்கப்படுகிறது. உள்ளே அதில எழுதினால், அடுத்த முறை பட்டியல் குடுக்காமல் அழைக்கிறவர் போன ஆளின் கணக்கோடதான் தொடங்குவார். அந்த இடத்தில் ‘நன்’ எண்டு வச்சு, சார்புக்கு உள்ளே ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல் செய்யுங்க.