நீரும் நெருப்பும்: எரிமலைக் கொள்கையின் சமூகப் பின்னணி பற்றிச் சில குறிப்புகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் புவிச்சரிதவியலாளரிடையே எழுந்த விவாதமொன்று அறிவு வரலாற்றை ஆராய்வோரின் கவனத்திற்கு உரியது. பசால்ற்று எனும் கரும்பாறை நீரிற் படிந்து தோன்றியதா, நெருப்பில் உருகி இறுகியதா என்பதே வினா. நீரை முதன்மைப்படுத்தியோர் உரோமரின் கடற்றெய்வத்தின் பெயரால் நெப்தியூன் வாதிகள் எனவும், நெருப்பை முதன்மைப்படுத்தியோர் பாதாளத் தெய்வத்தின் பெயரால் புளூட்டோ வாதிகள் எனவும் வழங்கப்பட்டனர்.

முன்னவரின் ஆசான் ஆபிரகாம் வேர்ணர். 1775 முதல் 1817இல் இறக்கும்வரை பிறைபேர்க் சுரங்கக் கல்லூரியிற் கற்பித்தவர். ஏழாண்டுப் போரில் நலிந்த சக்சனி அரசு தன் பொருளாதாரத்தைச் சீர்செய்யும் நோக்குடன் 1765இல் நிறுவிய கல்லூரி அது. சுரங்கத்துக்கு வேண்டியது படைகளின் ஒழுங்கு. வேர்ணரின் கொள்கையும் படைகளின் ஒழுங்கே. அவருக்கு எரிமலையென்பது நிலக்கரிப் படை தீப்பற்றியதால் விளைந்த உள்ளூர் நிகழ்ச்சி மட்டுமே.

ஜேம்ஸ் ஹற்றன் 1785இல் எடின்பரோ ரோயல் சங்கத்தின் முன் வைத்த கொள்கையோ பூமியின் உள்வெப்பத்தையே இயக்குவிசையாகக் கண்டது. புகைக்கரியிலிருந்து நவச்சாரம் செய்யும் தொழிலில் அவர் பங்காளி. ஜேம்ஸ் வாற், ஜோசப் பிளாக் ஆகியோரின் நண்பர். நீராவி இயந்திரத்தின் சூழலில் வாழ்ந்தவர் பூமியையும் வெப்பத்தால் இயங்கும் பொறியாகக் கண்டதில் வியப்பில்லை. அவரது கொள்கைக்குச் சான்று தேடிய ஜேம்ஸ் ஹோலுக்கு வழிகாட்டியதும் தொழிற்சாலையே. லீத் நகரக் கண்ணாடிச் சாலையொன்றில் மெதுவாக ஆறிய கண்ணாடி தன் தன்மை இழந்து பளிங்குருப் பெற்றதை அறிந்த அவர், பாறையை உலையில் உருக்கி மெல்ல ஆறவிட்டார்; அது மீண்டும் கல்லாயிற்று. 1798இல் இம்முடிவுகளை வெளிப்படுத்தினார்.

எனினும் வேர்ணரை நிலமானியத்தின் குரலாகவும் ஹற்றனை எழுச்சிபெற்ற முதலாளித்துவத்தின் குரலாகவும் கூறி அமைவது வறட்டுச் சூத்திரமாகும். நம்மிற் சிலருக்கு இச்சூத்திரங்களில் மோகம் அதிகம். பிரெஞ்சு முடியரசின் கைத்தொழில் அதிகாரியான நிக்கலா தெமாரே 1763இலேயே ஓவேர்ண் பகுதியில் பசால்ற்று எரிமலைக் குழம்பே எனக் கண்டிருந்தார். வேர்ணரின் மாணவரான ஹும்போல்ற்றும் பூக்கும் எரிமலை நிலங்களை நேரிற் கண்டபின் ஆசானின் கொள்கையைப் படிப்படியாகக் கைவிட்டனர். வர்க்கச் சூழல் வினாவை எழுப்பலாம். விடையைப் பாறையே தரவேண்டும்.

இலக்கியத்திலும் இவ்விவாதம் புகுந்தது. கேதே இறந்த 1832ஆம் ஆண்டிலேயே வெளியான ‘பௌஸ்ற்’ இரண்டாம் பாகத்தில் தேல்ஸ் நீருக்காகவும் அனக்சகோரஸ் நெருப்புக்காகவும் வாதிடுகின்றனர். கவிஞரின் மனம் நீரின் பக்கமே சாய்ந்தது. திடீர்ப் புரட்சியை விரும்பாத அவரது அரசியல் நோக்குடன் இதனை இணைத்துப் பார்ப்பது பொருத்தமெனவே கருதுகிறேன்.

வெற்றி நெருப்புக்கே எனக் கருதப்பட்ட காலத்தில், 1825இல், பூலற் ஸ்குறோப் எரிமலைக் குழம்பினுள் அடங்கிய நீரே அதன் இளக்கத்துக்கும் வெடிப்புக்கும் காரணமென எழுதினார். ஆய்வுகூடச் சான்று நெடுநாள் கழித்தே வந்தது. போதிய அமுக்கத்தில் நீர் சேருமாயின் கருங்கல் சுமார் 700 பாகை செல்சியசிலேயே உருகத்தொடங்கும் என்பதை 1958இல் ரற்றிலும் போவெனும் நிறுவினர்.

1960களில் உருவான புவித்தகட்டுக் கொள்கை இதற்குக் களம் அமைத்தது. கடலடித் தகடு தன் கனிமங்களிற் பிணைத்த நீரோடு கீழிறங்குகிறது. வெப்பமும் அமுக்கமும் மிக, அந்நீர் பிரிந்து மேலுள்ள கவசப் படையிற் புகுகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் உலர்ந்த கவசப்பாறை உருக 1400 பாகைக்கு மேல் வேண்டும். நீர் நிறைந்ததோ ஆயிரம் பாகையளவிலேயே உருகும். நீர் வெப்பத்தைத் தருவதில்லை, உருகுநிலையைத் தாழ்த்துகிறது. இருக்கும் வெப்பமே அப்போது போதுமாகிறது. (நடுக்கடல் முகடுகளிலோ அமுக்கக் குறைவே உருகலுக்குத் தலைமைக் காரணம்.) அவ்வாறு பிறந்த குழம்பு மேலெழ, அமுக்கம் குறைந்து நீர் ஆவியாய்ப் பிரிந்து அதனைச் சிதறடிக்கிறது. 1883இல் கிரக்கட்டோவாவும் 1991இல் பினாற்றுபோவும் வெடித்தது இத்தகைய வலயங்களிலேயே.