நாய்க்குட்டியின் முதல் பதினாறு வாரங்கள்: கொஞ்சம் வரலாறு



சென்ற மாதம் நம் குடியிருப்பில் ஒரு நாய்க்குட்டி இறந்துபோனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய செய்திகளையும் படித்திருப்பீர்கள். யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதினார். இரவில் கத்துகிறது என்று புகார் சொன்னது யார் என்று இன்னொருவர் கேட்டார். பெயரே சொல்லாமல் ஒரு குடும்பத்தின் மேல் பழி விழுந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா இப்போது லிஃப்டில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

நானும் ஒரு காலத்தில் இதே போல ஒருவர் மேல் பழி போட்டவன். அதனால்தான் இந்த இதழில் வழக்கமான வரி, வட்டி விஷயத்தை விட்டுவிட்டு நாய்க்குட்டி பற்றி எழுதுகிறேன்.

1983-ல் நான் அரியலூரில் வங்கிக் கிளார்க். அப்போது பெரம்பலூரும் மாவட்டம் இல்லை, அரியலூரும் இல்லை. இரண்டும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. (1995-ல் பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001-ல் அரியலூர் பிரிந்தது, 2002-ல் மறுபடி சேர்ந்தது, 2007-ல் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் முகவரி ரப்பர் ஸ்டாம்ப் மாற்றியவர்களைக் கேட்டால் தெரியும் அந்தச் சிரமம்.) புதிதாகக் கல்யாணமாகி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். செந்துறைப் பக்கம் முந்திரிக் காடு வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், காவலுக்கு வளர்த்த நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். செவலைக் குட்டி. மணி என்று பெயர் வைத்தோம்.

முதல் நான்கு நாள் ராத்திரி பூராவும் கத்தியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, "தம்பி, தூக்கமே இல்லை, ஏதாவது பண்ணுங்க" என்றார். நான் கொஞ்சம் முறைப்பாகவே பதில் சொன்னேன். ஒன்பதாம் நாள் குட்டி சாப்பாட்டைத் தொடவில்லை. வாந்தி எடுத்தது, பிறகு ரத்தமாகப் பேதி போனது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் சலைன் ஏற்றினார். "இது புதுசா வர்ற நோய் மாதிரி இருக்கு. மெட்ராஸ்ல நிறைய பார்க்கிறாங்களாம்" என்றும் சொன்னார். அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். பதினோராம் நாள் மணி செத்துப்போனது.

தெருவில் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: மருந்து வைத்துவிட்டார்கள். யார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பொங்கல் கழிந்து இன்னொரு குட்டி கொண்டுவந்தோம். எட்டே நாள். அதே வாந்தி, அதே ரத்தம். எனக்குச் சந்தேகமே போய்விட்டது. அதன்பின் அந்தப் பெரியவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பென்ஷன் எடுக்க என் கவுண்டருக்கு வருவார். தலை நிமிராமல் டோக்கனைத் தள்ளுவேன். மாற்றலாகிப் போகும் வரை அப்படித்தான்.

இந்த வருடம் என் பேரனுக்காக ஒரு குட்டி வாங்கி, தடுப்பூசிக்குப் போன இடத்தில் இந்தக் கதையைக் கால்நடை மருத்துவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "சார், இரண்டுமே பார்வோ" என்றார். வீட்டுக்கு வந்து நான்கைந்து வாரம் இதையே படித்தேன். படித்ததில் ஒரு பகுதியைத்தான் இனி சொல்கிறேன்.

பார்வோ என்றால் லத்தீனில் சின்னது. வைரஸ்களிலேயே மிகச் சிறிய வகைகளில் ஒன்று. இது ஆதிகாலத்து நோய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1978-க்கு முன் இதை நாய் நோயாக உலகத்தில் யாரும் அறிந்ததில்லை. பூனைகளுக்கு வரும் ஒரு பழைய வைரஸிலிருந்தோ, அதன் நெருங்கிய உறவிலிருந்தோ இது கிளைத்து நாய்க்குத் தாவியிருக்கிறது. சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளைப் பிறகு சோதித்தபோது 1970-களின் நடுவில் ஐரோப்பாவில் அதன் தடம் தெரிந்தது. 1978-ல் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று ஒரே வருடத்தில் வெடித்தது. இரண்டு வருடத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. எந்த நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாததால் வளர்ந்த நாய்களும் செத்தன. கையில் மருந்து இல்லாத மருத்துவர்கள் பூனைக்குப் போடும் தடுப்பூசியை நாய்க்குப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேல், மேக்ஸ் ஆப்பல் போன்றவர்கள் வேலை செய்து, இரண்டு மூன்று வருடத்துக்குள் நாய்க்கென்றே தடுப்பூசி வந்தது.

நம் நாட்டில் இந்த நோய் பற்றிய முதல் அறிக்கைகள் 1981, 1982-ல் சென்னையிலிருந்துதான் வந்தன. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் அதே ஊர். ஆக, அரியலூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் 1983-ல் என்னிடம் சொன்னது ஒரு வருடம், இரண்டு வருடம் முந்தைய செய்தி. மாடும் ஆடும் பார்ப்பதே பிரதான வேலையாக இருந்தவர், நாய்க்கு வந்த புது நோயைத் தெரிந்து வைத்திருந்தார். பி.காம் படித்த நான் தெருப் பேச்சை நம்பினேன்.

இரண்டாவது குட்டி ஏன் செத்தது என்பதும் இப்போதுதான் புரிந்தது. இந்த வைரஸ் நோயாளி நாயின் மலத்தில் வெளியே வருகிறது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது. பிளீச்சிங் கரைசல்தான் கொல்லும், அதுவும் சிமெண்ட் தரையில், டைல்ஸில். மண்ணில் ஊற்றிப் பயனில்லை. நாங்கள் மணியைக் கொல்லைப்புறத்தில்தான் கட்டியிருந்தோம். அடுத்த குட்டியையும் அதே இடத்தில் கட்டினோம். மருந்து வைத்தது யார் என்று கேட்டால், நான்தான்.

சரி, இப்போது தடுப்பூசி இருக்கிறதே, பிறகு ஏன் குட்டிகள் சாகின்றன? நம் குடியிருப்பில் செத்த குட்டிக்கும் ஒரு ஊசி போட்டிருந்தார்கள். "ஊசி போட்டும் செத்தது, அப்படியென்றால் விஷம்தான்" என்று குழுவில் எழுதியவர் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பிறந்த குட்டி முதல் ஒரு நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. அது குட்டியைக் காக்கும். ஆனால் நாளாக நாளாகக் கரையும். கரையும் வரை ஒரு சிக்கல் உண்டு. வெளியிலிருந்து வரும் வைரஸையும், ஊசியில் இருக்கும் வலுக்குறைத்த வைரஸையும் அது வேறுபடுத்திப் பார்க்காது, இரண்டையும் அழித்துவிடும். அதனால் சீக்கிரம் போட்ட ஊசி வீணாகலாம். தாமதமாகப் போட்டால் நடுவில் நோய் வந்துவிடலாம். ஒரு குட்டிக்கு ஆறு வாரத்தில் கரைகிறது, அதே ஈற்றில் பிறந்த இன்னொன்றுக்குப் பதினான்கு வாரம் ஆகிறது. முதிர்வுத் தேதி எழுதாத டெபாசிட் ரசீது மாதிரி. நாம் செய்யக்கூடியது, கவுண்டருக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதுதான். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் முடியும் வரை ஊசி போடச் சொல்வது இதனால்தான். வசூலுக்காகப் போடுகிறார்கள் என்று நானும் நினைத்தவன்தான். முதல் இரண்டு ரசீதையும் முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினேன்.

பழைய எதிர்ப்பு கரைந்து, புதியது இன்னும் வராத சில நாட்கள் எல்லாக் குட்டிக்கும் உண்டு. அந்த நாட்களில்தான் குட்டி புது வீட்டுக்கு வருகிறது, புது மண்ணை முகர்கிறது. நோய் தொற்றி மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வாந்தி தொடங்கும். குடலின் உள்பக்கத்துச் செல்கள் அழிந்துபோவதால் ரத்தப் பேதி. பார்ப்பவருக்கு அச்சாக விஷம் வைத்தது போலவே இருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது வரை செத்துவிடும். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பில் சலைன் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருப்பதுதான் ஆபத்து. மனிதருக்கு இந்த நோய் ஒட்டாது, குழந்தைகள் உள்ள வீட்டார் பயப்பட வேண்டாம்.

ஊசிச் சீட்டில் டிஸ்டம்பர் என்று இன்னொரு பெயர் இருக்கும். நம் வயதுக்காரர்களுக்கு டிஸ்டம்பர் என்றால் சுவருக்கு அடிப்பது. இது நாய்க்கு வரும் பழைய கொள்ளை நோய். 1905-ல் பிரான்சில் ஆன்ரி கார்ரே என்பவர் இது வைரஸால் வருவது என்று காட்டினார். 1920-களில் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை தன் வாசகர்களிடம் நன்கொடை திரட்டி, அந்தப் பணத்தில் லெய்ட்லாவும் டன்கினும் தடுப்பூசி கண்டுபிடித்தார்கள். பத்திரிகை நடத்தும் நம் ஆசிரியர் குழு கவனிக்க!

வெறிநோய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது முதல் நம் ஊர் அறிந்த கதை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயந்து வளர்ந்த தலைமுறை நாம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004 இறுதியோடு நின்றுவிட்டது. குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில். இதில் தள்ளிப்போடுவது என்ற பேச்சே கூடாது.

"அப்படியானால் பதினாறு வாரம் வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்கிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். நான் அப்படித்தான் சொன்னேன். அதிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற இடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருடம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை பார்த்துப் பழகும் மனிதரையும் சத்தத்தையும்தான் நாய் வாழ்நாள் முழுக்கத் தன்னுடையதாக ஏற்கும். அந்தக் காலத்தில் பூட்டிவைத்தால் பிறகு லிஃப்டைக் கண்டாலும் குரைக்கும், செக்யூரிட்டியைக் கண்டாலும் குரைக்கும். அந்தக் காலத்து வைக்கோல் போரடியில் பிறந்த குட்டிக்கு இந்தக் கவலை இல்லை. தாயும் பக்கத்தில், தெருவும் எதிரில்.

என் பேரன் இதற்கு வழி கண்டான். எங்கள் குட்டியை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தினமும் சாயங்காலம் கேட் வரை போய் வருகிறான். பைக் சத்தம், குக்கர் விசில், காய்கறி வண்டிக்காரர் குரல் எல்லாம் அதற்குப் பழகிவிட்டது. கால் மட்டும் தரையில் படுவதில்லை. இந்தக் குட்டிக்கு நான் கோவிவன் என்று பெயர் வைக்கச் சொன்னேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், இறந்த எஜமானனுக்காகக் கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற நாயின் பெயர் அது. கல்லில் நாயின் உருவமும் உண்டு. ஆயிரத்து நானூறு வருடத்துப் பெயர். பேரன் பிஸ்கட் என்று வைத்துவிட்டான்.

ராத்திரி கத்துவது பற்றி அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வார்த்தை. தாயையும் உடன்பிறந்தவற்றையும் விட்டு வந்த குட்டி, முதல் வாரம் கத்தத்தான் செய்யும். தனி அறையில் போடாமல் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டியில் படுக்கவைத்தால் பாதிச் சத்தம் குறைகிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ன் மத்திய அரசு விதியே இருக்கிறது. வாங்கும்போது வயதைக் கேளுங்கள். சீக்கிரம் பிரித்த குட்டி அதிகம் கத்தும்.

அந்தப் பெரியவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. போன மாதம் அரியலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவர் மகனைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்பாவுக்கு நீங்கள் ஏன் பேசுவதில்லை என்றே தெரியாது சார், பேங்க்காரர் கொஞ்சம் கர்வம் என்று சொல்வார்" என்றார்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். குட்டியை இழந்த வீட்டார் இன்னொன்று வாங்க நினைப்பதாகக் கேள்விப்பட்டேன். வாங்குவதானால் தடுப்பூசி எல்லாம் முடிந்த, பதினாறு வாரம் தாண்டிய குட்டியாகப் பாருங்கள். அதற்கு முன் தரையையும் பாத்திரங்களையும் பிளீச்சிங் கரைசலால் துடைத்துவிடுங்கள். அந்தக் குட்டி விளையாடிய இடம் பி பிளாக் பின்புறப் புல்தரை. அங்கே வளர்ந்த, ஊசி முடிந்த நாய்களுக்குப் பயமில்லை. குட்டிகளை இந்த வருடம் முழுக்க அங்கே இறக்க வேண்டாம். அங்கே நடந்துவிட்டு வரும் செருப்பை, குட்டி உள்ள வீட்டார் வாசலுக்கு வெளியிலேயே விடுங்கள். செயலாளரிடம் சொல்லி ஒரு அறிவிப்புப் பலகை கேட்டிருக்கிறேன். குழுவில் அந்தச் செய்திகளை எழுதிய இருவரிடமும் நேரில் பேசினேன். ஒருவர் தன் செய்தியை நீக்கிவிட்டார்.

பிஸ்கட்டுக்கு மூன்றாவது ஊசி வரும் வியாழக்கிழமை.